வதந்தி வரும் வழி

(திருக்கோணமலையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



சட்டத் தொழிலிலும் பொதுப்பணியிலும் ஈடுபட்டிருக்கும் நம்மிடம் மக்கள் பல கேள்விகளைக் கேட்கின்றனர். காணி, உறுதி, பிணை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்குச் சட்ட நூல்களில் விடை உண்டு. ஆனால் இத்துறைமுக மாவட்டத்தில் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு எச்சட்ட நூலிலும் விடை கிடையாது. “நேற்றுவரை நமது வயல் வரம்பால் நடந்து போனவன், நமது வீட்டுக் கலியாணப் பந்தியில் உண்டவன், இன்று ஏன் கூட்டத்தோடு சேர்ந்து வந்தான்? கூட்டத்தோடு வராத நல்லவனும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான்?” என்பதே அக்கேள்வி.

நம்மவர் இதற்குச் சொல்லும் விடை மிகவும் சுருக்கமானது: “அது அவர்களுடைய பிறவிக் குணம்.” அவர்களும் நம்மைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள் என்பது நமது நினைவுக்கு வருவதில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி, “இவன் பிறவிக் கள்வன், ஆகவே இக்களவை எடுத்தவன் இவனே” என்று ஒருவர் சொன்னால் எந்த நீதவான் அதை ஏற்பார்? நீதிமன்றத்தில் செல்லாத நியாயம் திண்ணையில் மட்டும் எப்படிச் செல்லுபடியாகிறது?

சமூக உளவியல் என்னும் துறை கடந்த நூறு ஆண்டுகளாக இக்கேள்வியைப் பிறிதொரு வழியாக ஆராய்ந்து வருகிறது. மனிதன் தனியே இருக்கையில் ஒரு விதமாகவும், பலர் நடுவே நிற்கையில் வேறு விதமாகவும் நடக்கிறான். ஆகையால் அவனது குணத்தை விசாரிப்பவர்கள் அவன் நின்ற இடத்தையும் விசாரிக்க வேண்டும் என்பதே அத்துறையின் அடிப்படை. இதை அறிய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின்னர் இக்கரையோரத்தில் ஒருவர் கடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினால், நின்று காரணம் கேட்டவர் எவர்? எல்லோரும் முதலில் ஓடினோம். காரணத்தைப் பின்னரே கேட்டோம்.

இம்மாவட்டத்தின் கதையிலிருந்தே விடயத்துக்கு வருவோம். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் இங்கிருந்த தமது கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்தனர். கொடி இறங்கியதை நாடு கொண்டாடியது. கொடியுடன் கூலியும் இறங்கியதைக் கண்டவர்கள் தளத்துத் தொழிலாளர்கள். வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் சுமார் 400 பேரைப் பொலன்னறுவை மாவட்டத்தில் குடியேற்றலாமென அரசு யோசித்தது. பிழைப்புத் தேடிய ஏழைகளுக்குத் துண்டு நிலம் கொடுக்கும் யோசனை அது. ஆனால் பொலன்னறுவைச் சிங்களக் குடியேற்றவாசிகளின் காதில் அது தமது நிலத்தைப் பறிக்க வருவோரின் செய்தியாகவே விழுந்தது. வருவோரைத் தடுக்கவெனக் குழுக்கள் திரண்டன. 1958 மே 22ஆம் திகதி இரவு பொலன்னறுவை நிலையத்தில் புகையிரதம் தாக்கப்பட்டது. அதன் பின்னர் நடந்தவற்றை இங்கிருக்கும் முதியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாட்களைப் பற்றி நூலெழுதிய பத்திரிகையாளர் டார்சி வித்தாச்சி ஒரு வதந்தியைக் குறித்து வைத்துள்ளார். பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவரை மட்டக்களப்பில் தமிழர் மார்பறுத்துக் கொன்றனர் என்ற கதை பாணந்துறையெங்கும் பரவியது. அவ்வூரைச் சேர்ந்த அப்படி ஓர் ஆசிரியை மட்டக்களப்பில் இருக்கவேயில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இல்லாத ஒரு பெண்ணுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டவர்கள், இருந்த ஒரு கோயிற் பூசகரை உயிருடன் கொளுத்தினர். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1956 ஜூனில், கல்லோயாப் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே நடந்தது. சிங்களப் பெண்ணொருத்தியைத் தமிழர் கெடுத்து, மட்டக்களப்பு வீதியில் நிர்வாணமாக நடத்திச் சென்றனர் என்றொரு கதை பரவியது. அதுவும் முழுப்பொய். அக்கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்விரு வதந்திகளையும் அருகருகே வைத்து வழக்கேட்டைப் படிப்பதுபோலப் படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவள் ஒரு பெண், அவளுக்குப் பெயரில்லை. நிகழ்ந்த இடமோ கேட்பவன் போய்ப் பார்க்க முடியாத தொலைவில் இருக்கிறது. சொல்பவன் கண்டவனல்லன், கண்டவனிடம் கேட்டவனிடம் கேட்டவன். செவிவழிச் சாட்சியத்தைச் சட்டம் ஏன் வாசலிலேயே நிறுத்துகிறது என்பதற்கு இவற்றைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

ஆயினும், அறிவுள்ளவர்கள் இவற்றை ஏன் நம்புகின்றனர்? கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் உலகப்போர்க்கால வதந்திகளை ஆராய்ந்து 1947 ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் வகுத்தனர். விடயம் கேட்பவனுக்கு எவ்வளவு முக்கியமானது, உண்மை நிலை எவ்வளவு தெளிவற்றது என்னும் இவ்விரண்டையும் பெருக்கினால் வருவதே வதந்தியின் வலு. கூட்டாமல் பெருக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானால் வதந்தியும் பூச்சியமாகிவிடும். நிலமும் பெண்ணின் மானமும் உயிரும் எக்காலத்திலும் நமக்கு முக்கியமானவை. அவற்றைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது தெளிவின்மை ஒன்றே. கலவரம் மூண்டதும் செய்திகளை மூடிவைக்கும் அரசாங்கங்கள் எதைப் பெருக்குகின்றன என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதைவிட ஆழமான உண்மையொன்றை நமது அயல்நாட்டு அறிஞர் ஒருவர் கண்டறிந்தார். 1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. ஜமுனா பிரசாத் என்பவர் அதன் பின்னர் மக்களிடையே உலவிய வதந்திகளைச் சேகரித்தார். பாட்னாவில் கடும் புயல் வீசப்போகிறது, சந்திர கிரகணத்தன்று இன்னுமொரு பூகம்பம் வரும் என்பன போன்ற கதைகள் அவை. அவற்றைச் சொன்னவர்கள் நிலம் நடுங்கியதை உணர்ந்தும் பெருஞ்சேதம் அடையாதவர்கள். இது விந்தையன்றோ? தப்பியவனுக்கு ஆறுதல் தரும் கதைதானே பிறக்க வேண்டும்? லியோன் பெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1957 ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் தந்தார். அம்மக்களின் நெஞ்சில் பயம் நிறைந்திருந்தது. கண்முன்னே அப்பயத்துக்கேற்ற அழிவு இருக்கவில்லை. ஆகையால் மனம் தன் பயத்துக்குப் பொருத்தமான காரணத்தைத் தேடிப் படைத்துக்கொண்டது. 1950 ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் நிலம் சரிந்து மெய்யாகவே அழிவு நேர்ந்தபோது அத்தகைய வதந்திகள் எழவில்லை என்பதைத் துர்க்கானந்த் சின்ஹா என்னும் இந்திய அறிஞரின் ஆய்வு காட்டியது. அங்கே பயத்துக்குரிய காரணம் கண்முன்னே கிடந்தது.

பயம் முன்னே வருகிறது, காரணம் பின்னே வருகிறது. பொலன்னறுவையில் நடந்ததை இக்கண்ணாடியால் பாருங்கள். நிலமற்றுக் கிடந்து, அரசு தந்த காணியில் அண்மையில் வேரூன்றியவன், அது பறிபோகுமோ என்று அஞ்சுகிறான். அவ்வச்சத்துக்கு ஒரு முகம் வேண்டும். துறைமுகத்திலிருந்து வரவிருந்த 400 பேர் அம்முகமாயினர்.

இவ்விடத்தில் நம்மையும் விசாரிப்பதே நேர்மை. மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் முஸ்லிம் அயலவரைப் பற்றி நம்மிடையே உலவும் கதைகள் எத்தனை? 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்த பின்னர், ஆராயாமல் நாம் கைபேசியில் தட்டிவிட்ட செய்திகள் எத்தனை? பெயரில்லை, தொலைவான ஊர், வேறொருவன் கண்டது என்று சற்றுமுன் நாம் சொன்ன அடையாளங்கள் அவற்றிலும் இருந்தன. வதந்தியைப் பாணந்துறையார் மட்டும் நம்பினார்கள் என்று சொல்லி நாம் தப்பிக்கொள்ள இயலாது.

இனி, கதவைச் சாத்திக்கொண்ட நல்லவனிடம் வருவோம். 1950களின் தொடக்கத்தில் சொலமன் ஆஷ் என்பவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்டார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையிலிருந்த மற்றவர் அனைவரும் முன்னரே ஏவப்பட்டவர்கள். ஒரே குரலில் பிழையான விடையைச் சொன்னார்கள். உண்மையாகச் சோதிக்கப்பட்டவரின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அக்கூட்டத்தைப் பின்பற்றிப் பிழையாயின. தன் கண் கண்டதைத் தன் வாய் சொல்லவில்லை. உயிர்ப் பயமில்லாத, கோபமில்லாத ஓர் அறையில், வெறும் கோட்டு விடயத்தில் இந்நிலை என்றால், பொல்லும் தீப்பந்தமும் ஏந்திய கூட்டத்தின் நடுவே என்னவாகும்?

பரிசோதனையின் மறுபாதியைப் பலர் சொல்லாமல் விடுகின்றனர். ஏவப்பட்டவர்களுள் ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லும்படி ஆஷ் ஏற்பாடு செய்தபோது, கூட்டத்தின் பிடி ஏறக்குறைய நான்கிலொரு பங்காகக் குறைந்துவிட்டது. பெரும்பான்மையைப் பெரும்பான்மையால் வெல்ல வேண்டியதில்லை. அருகில் ஒரு குரல் போதும். ஆனால் அது காலத்தில் ஒலிக்க வேண்டும்.

டார்லி, லட்டானே என்னும் இருவர் 1968 ஆம் ஆண்டில் கண்டது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஒருவர் வலிப்பு வந்து அலறும் ஓசையைக் கேட்டபோது, தாம் மட்டுமே கேட்பதாக எண்ணியவர்களில் 100க்கு 85 பேர் உடனே உதவிக்கு எழுந்தனர். இன்னும் நால்வர் கேட்கின்றனர் என எண்ணியவர்களில் 31 பேரே எழுந்தனர். “யாராவது பொலிசுக்குச் சொல்லியிருப்பார்கள்” என்று சந்தையில் நின்ற நூறு பேரும் எண்ணினால் பொலிசுக்குச் சொன்னவர் ஒருவருமிலர்.

ஒற்றைக் குரலின் விலை என்னவென்பதை இந்நகரம் அறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி இக்கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தாமே கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்தனர் என்று அதிகாரத் தரப்பு முதலிற் சொன்னது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. எல்லோரும் ஒரு கோட்டை நீளமென்றபோது அவர் உண்மையான கோட்டைக் காட்டினார். அதே மாதம் 24ஆம் திகதி அவர் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் ஒருவரின் தந்தையான மருத்துவர் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2019 ஜூலையில், போதிய சாட்சியமில்லையென்று, குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் இந்நகர நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகளைப் பாதுகாக்க 2015 ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023 ஆம் ஆண்டில் இன்னொரு சட்டமும் வந்துள்ளன. இங்கே மௌனமாயிருந்தவனைக் கோழையென்று திட்டுவதற்கு உளவியலும் இடந்தரவில்லை, நமது மனமும் இடந்தரவில்லை. முதற்குரலுக்குப் பக்கத்தில் இரண்டாவது குரல் எழுவதற்கு வேண்டிய பாதுகாப்பை யார் தருவது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கூட்டத்தின் நடத்தையைப் பேசும்போது மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். உளவியலைச் சொல்லிக் குற்றவாளியைத் தப்பவிடக்கூடாது. 2006 ஏப்ரல் 12ஆம் திகதி நமது மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்த சிறிது நேரத்துக்குள் தமிழர் கடைகளையும் வீடுகளையும் நோக்கிக் கும்பல் வந்தது. பாதுகாப்புப் படையினர் தடுக்கவில்லையென மனித உரிமை அமைப்புகள் எழுதின. கோபம் ஒரு கணத்தில் பிறக்கலாம். கத்தியும் பொல்லும் எரிபொருளும் ஒரு கணத்தில் பிறப்பதில்லை; அவற்றை யாரோ முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இதற்குப் பொருத்தமான ஒரு கதை உண்டு. துருக்கியிற் பிறந்த முசாபர் ஷெரிப் என்னும் அறிஞர் 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரு குழுக்களாக்கிப் பரிசுக்காகப் போட்டியிட வைத்தார். சில நாட்களில் ஒருவர் கொடியை மற்றவர் எரிக்குமளவுக்குப் பகை முற்றியது. இதை மட்டும் சொல்லி, “மனித இயல்பே இதுதான்” என்று முடிப்போர் பலர். ஆனால் முந்திய ஆண்டு, 1953இல், ஷெரிப் இதே முயற்சியை வேறு சிறுவர்களைக் கொண்டு செய்து தோற்றுப்போனார். அச்சிறுவர்கள் பிரிக்கப்படுமுன் ஒன்றாக இருந்து நண்பர்களாகியிருந்தனர். முகாம் நடத்தியவர்கள் மறைவாகக் குழப்பம் செய்து பழியை மறுகுழுவின் மேல் போட முயன்றபோது, சிறுவர்கள் கூடிப் பேசி, குழப்பியவர்கள் பெரியவர்களே என்று சந்தேகித்தனர். ஆய்வு கைவிடப்பட்டது. அதைப் பற்றி நெடுங்காலம் அதிகமாகப் பேசப்படவில்லை. ஜினா பெரி என்பவர் 2018 ஆம் ஆண்டில் நூலெழுதி வெளிக்கொணர்ந்தார். சிண்டு முடிகிறவனைச் சிறுவர்கள் கண்டுகொண்டார்கள். கண்டுகொள்ள அவர்களுக்கு உதவியது என்ன? முன்னமே ஏற்பட்டிருந்த பழக்கமும், கூடிப் பேச இருந்த ஓர் இடமுமே.

1954 முகாமில் பகையைத் தணித்தது எது தெரியுமா? சேர்ந்து உண்ண வைத்தார்கள். சிறுவர்கள் உணவை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள், பயனில்லை. பின்னர் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. தாகத்தோடு இரு குழுவினரும் மலையேறித் தண்ணீர்த் தொட்டியின் அடைப்பைச் சேர்ந்து எடுத்தனர். அங்கேதான் பகை தளரத் தொடங்கியது. சமாதான விருந்துகள், கலைவிழாக்கள், மூவினத்தாரும் கைகோத்து நிற்கும் படங்கள் ஆகியவற்றில் பொதுப்பணத்தைச் செலவிடுவோர் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

தண்ணீர் என்றதும் இங்கிருக்கும் கமக்காரருக்கு நாம் சொல்ல வருவது புரிந்திருக்கும். 1956இல் பிணங்கள் விழுந்த அதே கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில், கால் நூற்றாண்டின் பின் நடந்ததை நம்மவரில் பலர் அறியார். நாட்டின் மிகச் சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டமென்று அது பெயரெடுத்திருந்தது. மேல்மடையில் பெரும்பாலும் சிங்களவர், கடைமடையில் தமிழர். மேலுள்ளவன் மதகை உடைப்பான், கீழுள்ளவன் வாயைப் பார்ப்பான். 1981 ஆம் ஆண்டில், யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே ஆண்டில், விவசாய ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் படித்த இளைஞர்களை அக்கிராமங்களில் தங்க வைத்தன. அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுவாகக் கூட்டி, “முதலில் எதைச் சரிசெய்யலாம்?” என்று கேட்டனர். அச்சிறுபோகத்தில் குளத்தில் நாலிலொரு பங்கு நீரே இருந்தது. சண்டை மூள வேண்டிய அவ்வேளையில், பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை அவர்கள் சிரமதானத்தால் வெட்டினர்; முறைவைத்து நீர் பாய்ச்சினர்; மேல்மடைச் சிங்களவர் கடைமடைக்கும் நீர் போகவிட்டனர். நீரைப் பயன்படுத்தும் திறன் பின்னர் ஏறக்குறைய இருமடங்காயிற்று. நோர்மன் அப்ஹொப் என்னும் அமெரிக்க அறிஞர் இதைத் தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். அந்த மனிதர்களின் பிறவிக் குணம் ஒரு போகத்துக்குள் மாறிவிட்டதா? அவர்கள் நின்ற இடம் மாறியது.

இதனால் எல்லாம் நலமாய் முடிந்ததென்று சொல்ல நாம் வரவில்லை. அதே பகுதியைச் சேர்ந்த அம்பாறை நகரில் 2018 பெப்ரவரியில், முஸ்லிம் உணவகமொன்றில் சிங்களவருக்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற கதை கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று சொல்லப்பட்டது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையிட்டார். அறிக்கை வருமுன் வாய்ப்பேச்சைவிட விரைவாகப் பேஸ்புக் ஓடிவிட்டது. அவ்வாண்டுக் கலவரங்களில் தன் பங்குக்காக அந்நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் மன்னிப்புக் கேட்டது. பகையைத் தூண்டுவோரைத் தண்டிக்க 2007 ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் 2019 ஆம் ஆண்டில் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளர் நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். கதை எழுதியவருக்கு மறியல், கதை கட்டியவருக்கு? இதைக் கேட்பது சட்டத்தரணிகளாகிய நமது கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

நமது மாவட்டத்துக்கு வருவோம். கந்தளாய்க் குளத்து நீர் சிங்களக் குடியேற்றங்களைத் தாண்டித் தம்பலகாமத்துக்கும் கிண்ணியாப் பக்கத்துக்கும் வருகிறது. ஒரே வாய்க்காலில் மூன்று சமூகத்தாரும் கைகால் கழுவுகின்றனர். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. உத்தியோகத்தர் திகதி சொல்கிறார், நாம் தலையசைத்துக் கலைகிறோம். அக்கூட்டத்தை அப்படி வீணாக்காமல், ஒவ்வொரு வாய்க்காலிலும் மூன்று சமூகத்தாருள்ளும் இருவர் இருவராகத் தெரிந்து, ஒருவர் தொலைபேசி எண்ணை மற்றவர் வைத்திருக்கச் செய்யலாம். தண்ணீர் முறைக்காகப் பேசிப் பழகியவனிடம், கதை வந்த இரவில் “அங்கே என்ன நடந்தது?” என்று கேட்க முடியும். பழகாதவனிடம் நள்ளிரவில் எப்படிக் கேட்பது? ஆசிரியரும் மருத்துவரும் சட்டத்தரணியும் தத்தம் தொழிலில் இவ்வாறே செய்யலாம்; அவர்களுக்கு மற்ற மொழியும் ஓரளவு தெரியும், சாட்டுச் சொல்ல இடமில்லை.

நீண்ட நேரம் பேசிவிட்டோம். பேசுகிறவர்களுக்குப் பாதகமான ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உலகப்போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, இருதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளைச் சமைக்கும்படி அமெரிக்க இல்லத்தரசிகளை இணங்கவைக்கக் குர்ட் லெவின் என்னும் அறிஞர் முயன்றார். நல்ல விரிவுரை கேட்டவர்களில் 100க்கு 3 பேர் சமைத்தனர். தாமே கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 பேர் சமைத்தனர். ஆகையால் உரை இத்துடன் நிற்கட்டும். தம்பலகாமத்திலிருந்து வந்திருப்பவர்கள் முதலில் பேசுங்கள்: சென்ற முறை உங்கள் ஊருக்குக் கதை வந்தபோது, அதை நீங்கள் யாரிடம் விசாரித்தீர்கள்?